பழைய ஸ்பார்க் மெஷினும் அதன் டேங்க் கதவும்: நான்கு வருட அனுபவம்

போன வாரம்தான் என் ஸ்பார்க் மெஷினின் டேங்க் கதவை மூன்றாவது முறையாகச் சரிசெய்தேன். எண்ணெய் நிரப்பிய டேங்குக்குள் இரும்பை வைத்து, மின்பொறியால் அரித்துப் பள்ளம் எடுக்கும் மெஷின் அது. அன்று மாலையே நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். சின்னப் பட்டறை, மோல்டு வேலை எடுக்கப் போகிறார், பழைய ஸ்பார்க் மெஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "எத்தனை ஆம்பியர் இருந்தால் போதும்?" என்று கேட்டார். நான்கு வருடத்துக்கு முன்னால் வாங்கப் போனபோது நானும் அதை மட்டும்தான் கேட்டேன்.

என் மெஷின் 25 ஆம்பியர். பத்தைத் தாண்டி வைத்த நாட்கள் மிகக் குறைவு. கரண்ட்டை எவ்வளவு ஏற்றலாம் என்பதை எலக்ட்ரோடின் (பள்ளத்தின் வடிவில் செய்து, பொறி விட இறக்கும் துண்டு) முகப்பரப்புதான் முடிவு செய்கிறது. சதுர சென்டிமீட்டருக்குப் பத்து ஆம்பியர் என்பது பட்டறைக் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிமன், முப்பது மில்லிமீட்டர் நீளத்தில் ரிப் (மெல்லிய நீளப் பள்ளம்) இறக்க வேண்டுமென்றால் மூன்று ஆம்பியருக்கு மேல் கொடுக்க முடியாது. சின்னப் பட்டறையில் வருவதெல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்ட வேலைதான்.

மெஷினைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோடை ஏற்றி இறக்கும் சர்வோ அருமை. எலக்ட்ரோட் வேலையை நெருங்கும்போது தயங்கித் தயங்கி இறங்கி, ஸ்பார்க் பிடித்ததும் ஒரே சீராக நிற்கும். செம்பு எலக்ட்ரோடைப் பாசிட்டிவில் போட்டு ஆன் டைமை (ஒவ்வொரு பொறியும் நீடிக்கும் நேரம்) நீளமாக வைத்தால் தேய்மானம் கையில் தட்டுப்படாத அளவுக்குக் குறைவு. ஹார்டனிங் முடிந்த டை அச்சில் டேப் (மரை வெட்டும் கருவி) உடைந்து, எல்லாரும் கைவிட்ட வேலையை இதில் வைத்து, நடுத்தண்டைக் கரைத்து மிச்சத்தை ஊசியால் எடுத்திருக்கிறேன். மரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. இரும்பு எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஸ்பார்க்குக்கு ஒன்றுதான். நான்கு வருடம் ஆகியும் அந்தச் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை.

ஆனால் அந்தக் கதவு!

டேங்கின் முன்கதவு கசிந்தது. ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாகத்தான். ஸ்பார்க் எண்ணெய் மெல்லியது, சூடானால் இன்னும் மெலியும். அதனால் காலையில் சொட்டாக இருப்பது மதியம் ஒழுக்காகிவிடும். கழற்றிப் பார்த்தால் சீல் உப்பி, கொழகொழவென்று இருந்தது. விற்றவர் சாதாரண ரப்பரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். பெட்ரோலிய எண்ணெயில் அது ஊறிப் பெருத்துவிடும், நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும். நைட்ரைல் போட்டேன். சில மாதம் நின்றது, மறுபடி கசிந்தது.

தரையில் எண்ணெய் என்பதோடு இது முடியவில்லை. வேலைக்கு மேல் எண்ணெய் போதுமான உயரம் நிற்க வேண்டும். மட்டம் இறங்கினால் ஸ்பார்க் எண்ணெயின் மேற்பரப்புக்கு அருகில் வந்து தீப்பிடிக்கும். அதற்காகத்தான் ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள், மட்டம் குறைந்ததும் அது மெஷினை நிறுத்திவிடும். நிற்காமல் இருக்க நிரப்பும் வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். ஆனால் பள்ளத்திலிருந்து கரியை அடித்து வெளியேற்றும் ஃப்ளஷிங்குக்கும் அதே பம்பிலிருந்துதான் எண்ணெய் போகிறது. இங்கே திறந்தால் அங்கே அழுத்தம் குறையும். ஆழமான பள்ளத்தில் கரி வெளியேறாமல் தங்கி, பொறி ஒரே இடத்தில் நின்று ஆர்க் அடித்து, கேவிட்டியின் (வெட்டிய பள்ளத்தின்) அடியில் கறுப்பாகக் குழி விழுந்தது. இரண்டு நாள் உழைத்துச் செய்த எலக்ட்ரோட் அன்று வீணானது. கசிகிற ஒரு கதவு வேலையின் தரத்தையே கெடுக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

காரணம் மூன்றாவது முறைதான் பிடிபட்டது. கதவின் உள்முகத்தில் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் வளைவு. திறந்த கதவின் மேல் யாரோ கனமான பிளாக்கை வைத்து உள்ளே தள்ளியிருக்க வேண்டும். சீலை எத்தனை தடவை மாற்றினாலும் வளைந்த தகட்டை அது மூடாது. இப்போது தகட்டை நிமிர்த்தி, பின்னால் பட்டை வைத்து வெல்டிங் செய்து, முகத்தை மில்லிங்கில் ஒரு கட் எடுத்திருக்கிறேன். ஒரு வாரமாகத் தரை காய்ந்திருக்கிறது.

நண்பரிடம் வேறு சிலவும் சொன்னேன். எலக்ட்ரோடைப் பிடித்து இறங்கும் குவிலில் டயல் கேஜை மாட்டி, நேராக இறங்குகிறதா என்று மூலைமட்டத்தின் நிமிர்ந்த முகத்தில் மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும், ஒன்றில் நேராக இருந்து மற்றதில் சாய்ந்திருக்கலாம். பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய ஜெனரேட்டரில் கரண்ட் ஸ்விட்ச்சை ஒவ்வொரு படியாக ஏற்றினால் அம்மீட்டரும் அதே அளவு ஏற வேண்டும். ஒரு படியில் முள் நகரவில்லை என்றால் அந்த வரிசை டிரான்சிஸ்டர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம், கடினமான இரும்புத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் அரை மணி நேரம் ஸ்பார்க் அடிக்கச் சொல்ல வேண்டும். எலக்ட்ரோடின் நான்கு மூலையும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, பள்ளத்தின் அடி சீராக இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். இதில் எதையும் குறைக்கக் கூடாது.

இவ்வளவு நன்றாக வேலை செய்யும் மெஷினை மறுபடி வாங்குவேனா என்றால், மாட்டேன். சர்வோவும் ஜெனரேட்டரும் ஒரு நாள்கூட என்னைக் கைவிடவில்லை, அது நியாயமாகச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நான்கு வருடம் மரத்தூள் கொட்டித் துடைத்த தரையும், பாதியில் நின்ற வேலைகளும், கெட்டுப்போன அந்தக் கேவிட்டியும் மனதை விட்டுப் போகவில்லை. இதே மெஷின் பாதி விலைக்கு வந்தாலும் கதவைப் பார்க்காமல் கை வைக்க மாட்டேன்.

நண்பர் சனிக்கிழமை பார்க்கப் போகிறார். போனதும் முதலில் டேங்கை மேல்மட்டம் வரை நிரப்பச் சொல்லி, கதவுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு, அதற்கப்புறம் மற்றதைப் பார்க்கத் தொடங்கும்படி சொல்லியிருக்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தாள் எப்படி இருக்கிறதோ, அதைப் பார்த்துவிட்டு விலை பேசட்டும்.