ஹோண்டா சிவிக் எஸ்ஐ (2025): கிளட்ச் உள்ள குடும்பக் கார்

அமெரிக்காவில் ஹோண்டா விற்ற 2025 மாடல் கார்களில் கிளட்ச் பெடல் உள்ளவை இரண்டுதான்: சிவிக் எஸ்ஐ, சிவிக் டைப் ஆர். டைப் ஆரின் விலை 45,000 டாலரைத் தாண்டிவிட்டதால், சம்பளக்காரக் குடும்பம் ஒன்று எண்ணிப் பார்க்கக்கூடிய விலையில் மிஞ்சுவது எஸ்ஐ மட்டுமே. இதற்கு ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது, கேட்டாலும் கிடைக்காது. நூறு புதிய கார்கள் விற்றால் அவற்றில் ஒன்றோ இரண்டோதான் கியர் வண்டி என்ற நிலையில் உள்ள சந்தைக்கு, நான்கு கதவுகளும் விசாலமான பின்னிருக்கையும் கொண்ட ஒரு செடானை மேனுவலாக மட்டுமே தருவது துணிச்சலான முடிவு. அந்தத் துணிச்சலுக்கு வண்டி ஈடுகொடுக்கிறதா என்பதையும், இதை யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்பதையும் கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் இயந்திரம். 1.5 லிட்டர் டர்போ, 200 குதிரைத்திறன், ஆறு கியர்கள், முன்சக்கர இயக்கம். எடை 3,000 பவுண்டை ஒட்டித்தான் இருக்கிறது. காகிதத்தில் இவை சாதாரணமான எண்களே. ஆனால் இழுவிசை 1,800 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1,800 சுழற்சி) முழுமையாகக் கிடைத்து 5,000 வரை தளராமல் நீடிப்பதால், ஊருக்குள் மூன்றாவது கியரிலேயே நெடுநேரம் ஓட்டலாம். அடிக்கடி கியர் மாற்றியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. முன்சக்கரங்களுக்கு லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் கொடுத்திருக்கிறார்கள். வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உட்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல், வண்டி வளைவின் உள்பக்கமாகவே இழுத்துச் செல்கிறது. இந்த விலையில் இது பெரிய கொடை.

இந்த வண்டியின் உயிர்நாடி கியர் லிவர்தான். நான்காவதிலிருந்து மூன்றாவதற்கு வரும்போது, லிவரை முன்னே தள்ளிய கையில் முதலில் ஒரு சிறு தடை தெரிகிறது. பிறகு அந்தத் தடை விலகி, லிவர் தானாக உள்ளே இழுத்துக்கொள்வது போலப் போய்ப் பொருந்துகிறது. அதே கணத்தில் வண்டியின் கணினி ஆக்சிலரேட்டரைத் தானே சற்றுத் தூண்டி, இயந்திரத்தின் சுழற்சியைக் கீழ் கியருக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்துகிறது. கிளட்சை விட்டால் குலுக்கல் இல்லை. ரெவ்-மேட்ச் எனப்படும் இந்த வசதியை அமைப்புகளுக்குள் சென்று அணைத்துவிட்டு, வலது காலின் குதிகாலாலும் முன்பாதத்தாலும் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர அழுத்தி அதையே நாமாகச் செய்யவும் வழி இருக்கிறது. உட்சைடு ஊருக்கு மேலே ஸ்கைலைன் புலவார்ட் என்ற மலைச்சாலையில் இரண்டு முறைகளிலும் ஓட்டிப் பார்த்தேன். வசதி இயங்கும்போது வண்டி ஓடுவது சீராக இருக்கிறது. அணைத்துவிட்டு ஓட்டும்போது மனம் நிறைகிறது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கியரை மேலே ஏற்றும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்குவதில்லை. ஒரு கணம் தயங்கி நிற்கிறது. முந்தைய தலைமுறை எஸ்ஐயில் இது எரிச்சலூட்டும் அளவுக்கு இருந்தது. இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீல் என்ற சக்கரம் எடை குறைந்ததாக வந்த பிறகு பெருமளவு குறைந்திருக்கிறது என்றாலும் முற்றிலும் நீங்கவில்லை. கியர் லிவரின் தலையும் நண்பகல் வெயிலில் நிறுத்திய வண்டியில் கையைச் சுடும்.

இனி, அமெரிக்கர்கள் ஏன் இப்படிப்பட்ட வண்டிகளை விட்டு விலகினார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே ஷோரூமில் எஸ்ஐக்குப் பக்கத்தில் நிற்கும் சிவிக் ஸ்போர்ட் ஹைப்ரிடைப் பார்த்தால் போதும். அதற்கும் 200 குதிரைத்திறன்தான். 2025 எஸ்ஐயின் தொடக்க விலை 29,950 டாலராக இருந்தது. ஹைப்ரிட் அதைவிட ஆயிரம் டாலருக்கு மேல் மலிவாக இருந்தது. அரசின் மதிப்பீட்டில் எஸ்ஐ ஒரு காலனுக்குச் சராசரியாக 31 மைல் தருகிறது. ஹைப்ரிட் 49 மைல் தருகிறது. சிக்னலில் பச்சை விழுந்ததும் 60 மைல் வேகத்தை எட்டுவதிலும் ஹைப்ரிட் பின்தங்குவதில்லை. கியர் வண்டி என்றால் விலை குறைவு, மைலேஜ் அதிகம், வேகமும் கூடுதல் என்று தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று காரணங்களும் ஒரே கூரையின் கீழ் பொய்த்துப்போகின்றன.

அந்தக் காரணங்கள் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தன. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்ததிலிருந்தே அமெரிக்கா ஆட்டோமேட்டிக்கின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும், எரிபொருள் நெருக்கடியின் நிழல் விழுந்த 1980ஆம் ஆண்டில்கூடப் புதிய வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மேனுவலாக இருந்தது. அப்போதைய ஆட்டோமேட்டிக்கில் மூன்று கியர்களே இருக்கும். இயந்திரத்தின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் ஆற்றல் வீணாகும். சிக்கனமாக வாழ நினைத்தவர்கள் கிளட்ச் வண்டியைத் தேடிப் போனார்கள். பிறகு ஆட்டோமேட்டிக்கில் கியர்கள் ஆறு, எட்டு, பத்து எனக் கூடின, கியர் படிகளே இல்லாத சிவிடி வந்தது, எந்த நேரத்தில் எந்தக் கியர் என்பதை மனிதனைவிடக் கணினி நன்றாகக் கணக்கிட்டது. தயாரிப்பாளர்களுக்கும் கணக்கு மாறியது. ஒவ்வொரு இயந்திரத்தையும் கியர்பாக்ஸையும் இணைத்து விற்க, புகை வெளியீட்டுக்கும் எரிபொருள் செலவுக்கும் தனித்தனிச் சோதனை தேவை. நூற்றில் இரண்டு பேருக்காக அந்தச் செலவைச் செய்வதற்கு எந்த நிறுவனமும் முதலில் தயங்கும், பின்பு கைவிடும். 2020இல் புதிய கொர்வெட் கிளட்ச் இல்லாமலே வந்தது. அக்கார்ட், கொரோலா ஹேட்ச்பேக் ஆகியவை அடுத்தடுத்து மேனுவலை விட்டன. 2025இல் ஃபோக்ஸ்வாகன் ஜிடிஐயும் விட்டது. சிவிக் ஹேட்ச்பேக்கில் கிடைத்த மேனுவலையும் ஹோண்டா அதே ஆண்டில் நிறுத்திக்கொண்டது. மின்சாரக் கார்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இவ்வளவையும் அறிந்த பிறகும் எஸ்ஐ வாங்கத் தகுந்த வண்டி என்பதே என் முடிவு. சிக்கனத்துக்காகக் கியர் வண்டி வாங்கும் காலம் போய்விட்டதால், இன்று அதை வாங்குபவர் ஓட்டும் இன்பத்துக்காக மட்டுமே வாங்குகிறார். ஹோண்டாவின் பொறியாளர்கள் அதை உணர்ந்து, விலை குறைக்கும் பொருளாகக் கருதாமல், லிவரின் நீளம், பெடலின் எடை, கிளட்ச் பிடிக்கும் இடம் என ஒவ்வொன்றையும் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கிளட்ச் இலேசானது, அது பிடிக்கும் இடம் காலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. சான் பிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்று கிளம்பும்போது, பிரேக்கிலிருந்து கால் நகர்ந்த பிறகும் வண்டி ஓரிரு கணங்கள் பின்னே உருளாமல் நிற்கிறது. கிளட்சைப் பாதி விட்டு ஆக்சிலரேட்டரைத் தொட அந்த இடைவெளி தாராளமாகப் போதும்.

போக்குவரத்து நெரிசல்தான் இந்த வண்டியின் உண்மையான சோதனைக்களம். மாலை ஐந்து மணிக்கு 880 ஃப்ரீவேயில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்ந்து செல்லும்போது இடது முழங்கால் வலிப்பது உறுதி. இதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. ஆட்டோமேட்டிக் சிவிக்கில் உள்ள க்ரூஸ் கண்ட்ரோல், முன்னால் செல்லும் வண்டி நின்றால் தானும் நின்று, அது நகர்ந்ததும் தொடரக்கூடியது. எஸ்ஐயில் உள்ளது வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் விலகிக்கொள்கிறது. கிளட்ச் இருக்கும் வரை இதைத் தவிர்க்க முடியாது என்பது புரிகிறது. ஆனாலும் அன்றாடம் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் கழிப்பவருக்கு ஹைப்ரிடை விட்டு இதை வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பாது.

வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்பதும் முக்கியமான கேள்வி. இந்த நாட்டில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்து வாங்கிய சாதாரண உரிமமே கியர் வண்டிக்கும் செல்லும். பிரிட்டனைப் போலத் தனி உரிமம் இல்லை. கேட்பதற்குச் சுதந்திரமாகத் தோன்றினாலும், கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமே இல்லாமல் போனதால், உரிமம் வைத்திருக்கும் இளையவர்களில் பெரும்பாலோர் கிளட்சைத் தொட்டதே இல்லை. இந்தியாவில் கியர் வண்டியில் பழகிவிட்டு இங்கே வந்த நம்மவர்களுக்கு இந்த வண்டி சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். லிவர் வலது கைப்பக்கம் இருப்பது ஒன்றே புதிது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லித்தர வேண்டும். இலேசான கிளட்சும், ரெவ்-மேட்ச் வசதியும், வளைந்து கொடுக்கும் இயந்திரமும் சேர்ந்து, கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான வண்டி இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. பதினாறு வயதுப் பிள்ளை கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஓட்டுவது இதில் கடினம் என்பதையும் பெற்றோராகக் கவனியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. முன்னிருக்கைகள் உடலை நன்றாகத் தாங்குகின்றன. 2022இல் இந்தத் தலைமுறை வந்தபோது இல்லாதிருந்த இருக்கைச் சூடேற்றி இப்போது சேர்ந்திருப்பது குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி. போஸ் ஒலியமைப்பு நேர்த்தி. சஸ்பென்ஷன் சற்று இறுக்கம். பழுதான சாலையில் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். முழுத் திறனும் கிடைக்க பிரீமியம் பெட்ரோலைப் பரிந்துரைக்கிறார்கள். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இதே விலையை ஒட்டி மேனுவலைத் தேடுபவர் ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா ஜிஎல்ஐயையும் ஓட்டிப் பார்க்கலாம். 228 குதிரைத்திறன் உள்ள அது நேர்ச்சாலையில் வலுவானது, ஆனால் அதன் கியர் லிவரில் எஸ்ஐயின் கூர்மை இல்லை. ஹோண்டாவின் சொகுசுப் பிராண்டான அக்யூராவின் இன்டெக்ரா இதே இயந்திரத்தையும் கியர்பாக்ஸையும் கொண்டு, ஹேட்ச்பேக் வசதியோடு பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கேட்கிறது. பணம் இருந்தால் அது சொகுசு. எதை நாடினாலும் டீலரிடம் நேரில் செல்வதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, மேனுவல் வண்டி கையிருப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பல இடங்களில் ஒன்றுகூட நிற்காது. டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையின் காலியான சாலையைத் தேர்ந்தெடுக்காமல், நீங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், நீங்கள் திரும்பும் நேரத்திலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.