260 டாலருக்குக் காது இல்லாத ஜிம்மி ஸ்மித்: பழைய ஆர்கன் ஜாஸ் ரெக்கார்டு வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய ரெக்கார்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள், அதிலும் 60களின் சோல் ஜாஸ் மேல் பித்துப் பிடித்தவர்கள் மட்டும் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது முழுப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். என் மனைவிக்கும் அப்படித்தான் தெரிகிறது.

போன மாதம் இங்கே நியூ ஜெர்சியில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த ரெக்கார்டு சந்தையில், ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின், ப்ளூ நோட் கம்பெனி வெளியிட்ட ‘பேக் அட் த சிக்கன் ஷாக்’ மோனோ எல்.பி.யை 260 டாலர் கொடுத்து வாங்கினேன். முதல் அச்சு, அதாவது ஆல்பம் வெளிவந்தபோதே அச்சடித்த பிரதி என்று விற்றவர் என்னை நம்பவைத்தார். முதல் அச்சு இல்லை. போதாததற்குத் தட்டு நன்றாகத் தேய்ந்தது, கீறல்கள் கண்ணில் படாதபடி மேலே எதையோ பூசியிருந்தார்கள். பணம் திரும்பி வரவில்லை, இனி வரவும் வராது. சுருக்கமாக விஷயம் அவ்வளவுதான். ஆனால் எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயன் இல்லை, ஏனென்றால் விற்றவர் எழுத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

இந்த இசை எனக்குக் காரில் அறிமுகமானது. வேலை முடிந்து வரும்போது நெவார்க்கின் டபிள்யூ.பி.ஜி.ஓ. வானொலியில் ஒருநாள் ஒரு ஆர்கன் ஓடிக்கொண்டிருந்தது. கோயில், சர்ச் ஞாபகமெல்லாம் வரவில்லை, தோளை ஆட்டவைக்கும் ஒரு நடை, அவ்வளவுதான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முடியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஹேமண்ட் பி-3 என்கிற மின் ஆர்கனை வாசிக்கும்போது இடது கையும் கால் பெடலும் பேஸ் வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதனால் இந்தக் குழுக்கள் பலவற்றில் தனியாக பேஸ் வாசிப்பவரே கிடையாது. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ், கூட ஒரு சாக்ஸபோன் இருந்தால் கல்யாணமே நடத்திவிடலாம். நான் சொல்லும் இந்தத் தட்டில் ஸ்டான்லி டரன்டைன் சாக்ஸ், கென்னி பரல் கிட்டார், டொனால்ட் பெய்லி டிரம்ஸ். 1960 ஏப்ரல் 25 அன்று எங்கல்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டர் தன் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. அதே நாளில் பதிவானதுதான் ‘மிட்நைட் ஸ்பெஷல்’ ஆல்பமும். ஒரே நாளில் இரண்டு எல்.பி.! ‘சிக்கன் ஷாக்’ கடைக்கு வந்தது 1963இல். அந்த ஸ்டுடியோ இருந்த ஊர் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்கூட இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அசல் அச்சு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மூன்று வருடமாக மறுபதிப்புகளை மட்டுமே வாங்கியவன் நான். இதுதான் முதல் அசல். அதாவது, அப்படி நினைத்து வாங்கியது.

விற்றவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். இளவயதில் ஆர்கன் கிளப்புகளுக்குப் போய் ஆர்கன் கலைஞர் ஜாக் மெக்டஃபை நேரில் கேட்ட கதையெல்லாம் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம், அதுவல்ல பிரச்சினை. அட்டையைப் பார்த்ததுமே எனக்குக் கை நடுங்கியது, அந்த நாயும் சேவலும் நடுவில் ஜிம்மி ஸ்மித்தும். லேபிள் எது என்று கேட்டேன். உருவிக் காட்டினார். நீலமும் வெள்ளையும், கீழே ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’, பின்னால் ப்ளூ நோட்டை வாங்கிய லிபர்ட்டி கம்பெனியின் பெயரே எங்கும் இல்லை. வான் கெல்டர் முத்திரை இருக்கிறதா என்றேன். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில், டெட் வாக்ஸ் என்பார்களே, அங்கே விரலை வைத்துக் காட்டினார். இருந்தது. “அப்போ முதல் அச்சுதானே?” என்றேன். “வேறென்ன, உனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே” என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். போட்டுக் கேட்கலாமா என்றதற்கு, கொண்டுவந்த சின்ன பிளேயரின் முள் காலையில்தான் உடைந்தது என்றார். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் தட்டு கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. 280 சொன்னதை 260 ஆக்கினார், நானும் பெரிய பேரம் முடித்த மாதிரி ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து துடைத்தால் துணியில் பிசுபிசுவென்று ஏதோ எண்ணெய் மாதிரி ஒட்டியது. இரண்டு முறை கழுவிக் காயவைத்த பிறகு அந்த மினுமினுப்பு போய்விட்டது, மெல்லிய கீறல்கள் வலைபோலத் தெரிந்தன. சரி, கீறல்தானே என்று முள்ளை வைத்தேன். முதல் பக்கம் ஆரம்பத்திலிருந்தே எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், டரன்டைன் சாக்ஸில் ஏறி ஊதும் இடங்களில் ஒலி கிழிந்தது. ‘வென் ஐ க்ரோ டூ ஓல்ட் டு ட்ரீம்’ முடிகிற இடத்தில், உள்வளையம் பக்கம், கேட்கவே முடியவில்லை. இதற்குப் பெயர் குரூவ் தேய்மானம். அந்தக் காலத்து பிளேயர்களில் முள்ளைத் தாங்கும் கை கனமாக இருக்கும், முள் குதித்தால் மேலே ஒரு காசையும் வைத்துவிடுவார்கள், வருடக்கணக்கில் அப்படி ஓடிய தட்டில் சத்தமான இடங்களில் பள்ளத்தின் சுவர் சிதைந்துபோகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை, கழுவினாலும் போகாது. அட்டையின் பிளாஸ்டிக் உறைமேல் விற்றவர் ‘வி.ஜி. பிளஸ்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். வி.ஜி. என்றால் ‘மிக நன்று’ என்று நம்பாதீர்கள். ரெக்கார்டு உலகத்தில் வி.ஜி. என்றாலே இரைச்சல் உண்டு, பிளஸ் இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. என் தட்டு அந்த வெறும் வி.ஜி.க்கே தேறாது.

அன்றைக்கு இரவே இருபது வருடமாகச் சேர்க்கிற ஒரு மதுரைக்கார அண்ணனுக்கு போன் போட்டேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, காது இருக்கா?”

“பார்க்கலைண்ணே.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. “இப்பப் பாரு.”

விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இல்லை. காதைப் பற்றிப் படித்திருக்கிறேன், அதுதான் வெட்கக்கேடு. படித்தது மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஆவியாகிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ளூ நோட் கம்பெனியின் தட்டுகளை 1966 வரை அச்சடித்தது பிளாஸ்டிலைட் என்கிற ஆலை. அது வேறெங்கும் இல்லை, நான் வாரம் தவறாமல் காய்கறி வாங்கப் போகிற வழியில் உள்ள நார்த் பிளெயின்ஃபீல்டில் இருந்தது. அங்கே அச்சான தட்டின் வெற்று வளையத்தில் ‘பி’ எழுத்தைக் கையெழுத்தாகச் சுழித்துப் போட்ட ஒரு சின்னக் குறி இருக்கும். பார்க்க மனிதக் காது மாதிரி இருப்பதால் சேர்க்கிறவர்கள் ‘இயர்’ என்றே கூப்பிடுவார்கள். கம்பெனி லிபர்ட்டி கைக்குப் போனபிறகு அச்சு வேலையும் வேறு ஆலைகளுக்குப் போனது. ஆனால் பழைய லேபிளும் பழைய அட்டையும் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. அவற்றை யார் தூக்கிப் போடுவார்கள்? தீரும்வரை புதிய தட்டுகளுக்கே ஒட்டினார்கள். வான் கெல்டரின் அச்சுத் தகடுகளையே பயன்படுத்தியதால் அவர் முத்திரையும் அப்படியே விழுந்தது. ஆக லேபிள் அசல், அட்டை அசல், முத்திரை அசல். தட்டு மட்டும் மூன்று நாலு வருடம் கழித்துப் பிறந்தது. என்னுடையது அந்த ரகம்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காதில்லாத அச்சுகள் மட்டமானவை இல்லை. சுத்தமான பிரதி கிடைத்தால் ஒலி பிரமாதமாக இருக்கும், நான் 50 டாலருக்கு மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன். பக்கத்து ஊர்க் கடைக்காரர் இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தேயாமல் இருந்திருந்தால் ஐம்பது அறுபது போகும், இந்த நிலையில் இருபது என்றார். நான் கொடுத்த மிச்சப் பணம் முழுக்க அந்த ஒரு காதுக்கான விலை.

அடுத்த சந்தையில் அதே மனிதரைத் தேடிப் பிடித்தேன். கோபப்படவில்லை அவர், அதுதான் எரிச்சல். உறைமேல் ஒட்டிய சீட்டைப் படிக்கச் சொன்னார். ‘ஒரிஜினல் லேபிள், ஒரிஜினல் அட்டை, வான் கெல்டர், மோனோ, வி.ஜி. பிளஸ்.’ இதில் எது பொய் என்று கேட்டார். முதல் அச்சு என்று நீங்கள் சொன்னீர்களே என்றேன். “நீதான் சொன்னாய், நான் சிரித்தேன்” என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட உண்மை. தேய்மானம் பற்றிக் கேட்டதற்குத் தரம் என்பது அவரவர் அபிப்பிராயம் என்றார். எண்ணெய்ப் பூச்சு பற்றிக் கேட்டதும் வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். மேசையில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற அட்டை வேறு. போன தடவை அது அங்கே இருந்ததா என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை.

அதனால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், காது இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள், போன் டார்ச்சை அடித்து நீங்களே பாருங்கள். 1966க்கு முன் வந்த ப்ளூ நோட் தட்டுக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி. லூ டொனால்ட்சனின் ‘அலிகேட்டர் பூகலூ’ 1967இல் பதிவானது, அதில் காது தேடினால் கிடைக்கவே கிடைக்காது, அதை வைத்து விலையைக் குறைக்கப் பார்த்து அசடு வழியாதீர்கள் (அனுபவம்). 50களின் மோனோ ஆல்பங்களை லிபர்ட்டி பின்னால் போலி ஸ்டீரியோவாகவும் விட்டது, அட்டையில் ‘எலக்ட்ரானிக்கலி’ என்று ஆரம்பிக்கும் வரி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், ஆர்கன் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். பிரெஸ்டீஜ் என்ற இன்னொரு கம்பெனியின் தட்டுகளில் 1971க்குப் பிறகு, அதை வாங்கிய ஃபேன்டஸியின் பெயர் லேபிளில் வந்துவிடும், அதை மறைக்க முடியாது, ஆனால் கட்டை விரலை அங்கே வைத்துக்கொண்டு காட்டுகிறவர்கள் உண்டு. முதல் அச்சு என்று சொன்னால் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. முள் உடைந்துவிட்டது என்றால் நீங்களே ஒரு சின்ன பேட்டரி பிளேயரைப் பையில் கொண்டுபோங்கள், நான் இப்போது அப்படித்தான் போகிறேன், மனைவி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அளவுக்கு மீறி மின்னும் 60 வயதுத் தட்டை ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள், விற்பவர் முகம் மாறுகிறதா என்றும் பாருங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

தட்டை இருபதுக்கு விற்க மனம் வரவில்லை. இரண்டாம் பக்கம் அவ்வளவு மோசமில்லை, ‘மைனர் சான்ட்’ ஓரளவு தாங்குகிறது. அதற்கு அடுத்த ‘மெஸ்ஸி பெஸ்ஸி’யில் பாதி தாண்டியதும் கடுகு ஆரம்பித்துவிடும், அங்கே எழுந்துபோய் முள்ளைத் தூக்கிவிடுகிறேன்.