டிஇஐசி காது பரிசோதனைப் பிரிவு: சிஎம்வி வைரஸ் பாதித்த மகளோடு ஒன்றரை வருடம் போய்வந்த அனுபவம்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டிஇஐசி (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) என்று ஒரு மையம் இருக்கிறது. பிறவியிலேயே குறையோடு பிறக்கும் குழந்தைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கும் இடம், 2013-ல் வந்த ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது. அதில் உள்ள காது பிரிவுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன், நாங்கள் அங்கே போன கதையைச் சொன்னால்தான் அது புரியும்.

இவள் எனக்கு இரண்டாவது குழந்தை. நாள் நிறைந்துதான் பிறந்தாள், ஆனால் எடை இரண்டு கிலோதான். உடம்பெல்லாம் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள், பிளேட்லெட் குறைவு, மஞ்சள் காமாலை வேறு. பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில் லைட்டில் வைத்து மஞ்சளைக் குறைத்தார்கள். மூன்றாம் நாள் காதில் சின்ன முனை ஒன்றைச் செருகி ஓஏஇ என்ற காது சோதனை செய்ததில் வலது காதுக்கு 'ரெஃபர்', அதாவது தேறவில்லை, மேலும் பார்க்க வேண்டும் என்று வந்தது. காதுக்குள் தண்ணீர் இருக்கும், ஆறு வாரம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பதினாறாம் நாள் என் நாத்தனார் பிடிவாதமாக வேறொரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவர் பிளேட்லெட் ரிப்போர்ட்டையும் காது ரிப்போர்ட்டையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே யூரின் கொடுத்துட்டுப் போங்கம்மா, சிஎம்வி பிசிஆர் பார்க்கணும், இருபத்தொரு நாள் தாண்டக் கூடாது" என்றார். சிஎம்வி என்பது சைட்டோமெகலோ என்ற வைரஸ், பிசிஆர் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை. பிறந்து மூன்று வாரத்துக்குள் எடுத்த சிறுநீரிலோ எச்சிலிலோ அந்த வைரஸ் இருந்தால் அது கருவிலேயே தொற்றியது என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு என்றால் தாய்ப்பால் வழியாகவும் வந்திருக்கலாம், பிரித்துச் சொல்வது கஷ்டம். பெண் குழந்தைக்கு அந்த ஒட்டும் பையை ஒட்டி ஒரு சொட்டு பிடிப்பதற்குள் மூன்று பை வீணாகி, நாலாவதில்தான் கிடைத்தது. பாசிட்டிவ். தலை ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகச் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது, கண் நன்றாக இருந்தது.

வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை உடனே தொடங்கி ஆறு மாதம் கொடுத்தோம். எடை ஏற ஏற அளவு மாறும், வெள்ளை அணு இறங்கிவிடும் என்பதால் ஆரம்பத்தில் வாரா வாரம் ரத்தம் எடுக்க வேண்டும், அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடுவதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய் நிற்பேன். ஒரு தடவை அணு ரொம்ப இறங்கி ஒரு வாரம் மருந்தை நிறுத்தினார்கள். இதை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கிற மருந்தாக நினைக்க வேண்டாம்.

சரி, டிஇஐசிக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் தொடங்குவதற்கு முன்பே பெரா டெஸ்ட்டுக்கு, அதாவது சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் கொடுக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு, நாள் கொடுத்தார்கள். குழந்தை தூங்கினால்தான் அந்த டெஸ்ட் நடக்கும், அதனால் விடிகாலையிலிருந்து தூங்க விடாமல் கொண்டு வரச் சொன்னார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து விழிக்க வைத்துக் கொண்டுபோனால், டோக்கன் வரிசையிலேயே தூங்கிவிட்டாள். உள்ளே போனதும் கண்ணைத் திறந்து அழ ஆரம்பித்தாள். அங்கே காது சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. விளக்கை அணைத்து, "பால் கொடுங்கம்மா, நேரமானா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவள் தூங்கின பிறகு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி முக்கால் மணி நேரம் பார்த்தார். வலது காது கிட்டத்தட்ட கேட்கவே இல்லை, இடது காதில் நடுத்தரக் குறைபாடு. இதை எங்களை உட்கார வைத்து, அவசரமே இல்லாமல், காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார்.

ஐந்தாம் மாதம் காது மெஷின் வந்தது, பைசா வாங்கவில்லை. ரோஸ் நிறப் பசையைக் காதில் ஊற்றி அச்சு எடுப்பார்கள், குழந்தை வளர்கிற வேகத்தில் மோல்டு லூசாகி மெஷின் 'கீ' என்று விசில் அடிக்கும், திரும்பப் போய் புது அச்சு. இதற்கு மட்டும் ஏழெட்டு தடவை போயிருப்பேன், ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறொன்று. "கர்ப்பத்துல என்னத்தச் சாப்பிட்டே?" என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு இந்த வைரஸ் சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கும், உடம்பில் தங்கிவிடும், அது மறுபடி தலைதூக்கினாலும் வேறு வகை புதிதாகத் தொற்றினாலும் கருவுக்குப் போகலாம் என்று அங்கேதான் எனக்குப் பொறுமையாகச் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இது நிறைய இருக்குமாம். நான் மாசமாக இருந்தபோது மூத்தவன் மிச்சம் வைத்த சோற்றைத்தான் தினமும் சாப்பிட்டேன், நம் வீட்டில் எந்த அம்மா சாப்பிடாமல் இருக்கிறாள்? அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இப்போது மாசமாக இருக்கும் என் தங்கையிடம், பிள்ளையின் ஸ்பூனையும் மிச்சத்தையும் தொடாதே, ஜட்டி மாற்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவு என்று சொல்லிவிட்டேன்.

இப்போது குறைத்த அந்த ஒரு மார்க். 'ரெஃபர்' என்று வரும் பச்சைக் குழந்தைகளிடம் சிஎம்வி பார்த்தீர்களா என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை, நான் ரிப்போர்ட்டைக் கொண்டுபோனதால் தெரிந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காது சோதனையில் தேறாத குழந்தைக்கு இந்த டெஸ்ட்டைச் செய்ய 2013-லேயே சட்டம் போட்டார்கள். இங்கே சுவரில் ஒரு காகிதம் ஒட்டினால்கூடப் போதும். இரண்டாவது, தொடர் பரிசோதனைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். சிஎம்வியோடு பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, அவர்களிலும் சிலருக்குப் பிறந்தபோது நன்றாக இருந்த காது பிறகு மந்தமாகும். என் மகளுக்கே பதினாலாவது மாதம் இடது காது இன்னும் இறங்கியிருந்தது, நாங்களாகத் தேதி குறித்துப் போனதால்தான் பிடிபட்டது. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளாண்ட்டுக்கு (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) இப்போது விண்ணப்பித்திருக்கிறோம்.

போகிறவர்களுக்கு: டோக்கனுக்கு எட்டு மணிக்கே போய்விடுங்கள், குழந்தைக்குப் பசி வரும் நேரத்தில் உங்கள் முறை வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது எடுத்த ரிப்போர்ட் ஒன்றையும் விடாமல் எடுத்துப் போங்கள். குழந்தைக்கு இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை, காதில் 'ரெஃபர்' வந்திருக்கிறது என்றால் பெராவுக்குத் தேதி வரும்வரை உட்கார்ந்திருக்காமல் அந்தச் சிறுநீர் டெஸ்ட்டை முதலில் கேட்டு வாங்குங்கள்.