மூணு ஆங்கிள் பெண்டிங் பிரேக்: 2 அடி வரை நம்பலாம், 1 மீட்டருக்கு ஆசைப்படாதீர்கள்

தகடு மடக்க வீட்டுப் பட்டறையில் செய்துகொள்ளும் கருவிகளில் இதுதான் அதிகம் பேர் செய்வது. அடியில் ஓர் ஆங்கிள் (L வடிவ இரும்பு), மேலே பிடிக்க ஒன்று, முன்னால் மடக்க ஒன்று, இரு முனையிலும் கீல். வீடியோக்களில் அரை நாள் வேலை போலக் காட்டுவார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை நாள் பிடிக்கும். 600 மி.மீ. அகலத்தில் 20 கேஜ் (0.9 மி.மீ.) ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) தகட்டை இந்த வடிவம் சுத்தமாக மடக்கும். 18 கேஜ் (1.2 மி.மீ.) தகட்டைக் கொஞ்சம் முக்கி மடக்கும். இதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதே ஆங்கிளை வைத்து 1 மீட்டருக்குச் செய்பவர்கள் இரும்பை வீணாக்குகிறார்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. தகட்டின் கனம் இரண்டு மடங்கானால் மடக்க வேண்டிய விசை நான்கு மடங்காகும். அகலம் கூடும்போது இன்னும் மோசம். இரு முனையில் மட்டும் போல்ட் போட்டுப் பிடித்த கம்பி நடுவில் எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 600 மி.மீ. என்பது 1000 மி.மீ. ஆகும்போது அதே ஆங்கிள் கிட்டத்தட்ட 8 மடங்கு வளையும். அதனால்தான் 1 மீட்டர் பிரேக்கில் ஓரம் 90 டிகிரிக்கு வந்த பிறகும் நடு 80-இலேயே நிற்கிறது. கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் அது சரியாகாது.

600 மி.மீ. வேலை அகலத்துக்கு வேண்டிய சாமான் இது. அடி ஆங்கிளுக்கும் மடக்கு ஆங்கிளுக்கும் 65x65x6 அளவு, தலா 750 மி.மீ. தகட்டை மேலிருந்து அழுத்தும் பிடிக்கு 65x10 பட்டை 750 மி.மீ., அதன் மேல் உட்கார 50x50x6 ஆங்கிள் 750 மி.மீ. கேட் போடுபவர்கள் பயன்படுத்தும் 16 மி.மீ. புல்லட் கீல் 2. எம்12 போல்ட் 2, அவற்றில் நுழையும் அழுத்து ஸ்பிரிங் 2 (பழைய பைக் வால்வு ஸ்பிரிங் நுழைந்தால் அதுவே போதும்). கைப்பிடிக்கு 1 அங்குல பைப், 450 மி.மீ. துண்டுகளாக இரண்டு. ஆங்கிளும் பட்டையும் சேர்த்து ஏறக்குறைய 16 கிலோ. கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் இரும்புக்கு 1,100 ரூபாயைத் தாண்டி கொஞ்சம் ஆகும்.

இரும்புக் கடையில் ஆங்கிளைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்து வாங்குங்கள். சூடாக உருட்டி வரும் ஆங்கிள் நூல் பிடித்தது போல இருக்காது. முழு நீளத் துண்டின் முனையை விட நடுப்பகுதி நேராக இருக்கும். மூலைமட்டம் வைத்து இரண்டு இறக்கையும் 90 டிகிரியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

இந்தக் கருவியின் உயிர் கீலில் இருக்கிறது. அடி ஆங்கிளும் மடக்கு ஆங்கிளும் வெளிமூலையோடு வெளிமூலை சேர்ந்து, மேல்பரப்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கீல் ஊசியின் மையம் அந்த இரண்டு மூலையும் சந்திக்கும் கோட்டின் மேலேயே விழ வேண்டும். பாதி கீல் மேல்பரப்புக்கு மேலே துருத்தி நிற்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் சரி. ஊசி 2 மி.மீ. கீழே இறங்கிவிட்டால், 90 டிகிரிக்கு வரும்போது மடக்கு ஆங்கிளின் முகம் 2 மி.மீ. உள்ளே வந்து தகட்டை நசுக்கிவிடும். ஊசி மேலே ஏறிவிட்டால் அதே அளவு வெளியே நிற்கும். மடிப்பு கூராக வராமல் உருண்டையாக வரும். முன்னால் தள்ளிப்போனாலும் இதே கதைதான். "மடிப்பு ஷார்ப்பா வரலை", "பாதியிலேயே இறுகுது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் போய் முடியும்.

சாதாரணக் கதவுக் கீலைப் போடுவதும் உண்டு. வேண்டாம். அதன் ஊசியில் ஆட்டம் அதிகம், இலையும் மெல்லிசு. புல்லட் கீலுக்கு இரு ஆங்கிளின் முனையிலும், கீல் நீளத்தை விட 5 மி.மீ. கூடுதலாக, மூலையிலிருந்து இரு இறக்கையிலும் 8 மி.மீ. ஆழத்துக்கு வெட்டிக் காடி எடுக்க வேண்டும். 16 மி.மீ. கீலின் பாதி 8 என்பதால் மையம் தானாக மூலைக்கோட்டில் வந்து உட்காரும். கிரைண்டரில் வெட்டும்போது 7.5-இல் நிறுத்தி, மிச்சத்தை அரத்தால் கொண்டுவாருங்கள். கூடுதலாக வெட்டிய காடியைப் பற்றவைத்து நிரப்புவது பெரிய தலைவலி.

பற்றவைக்கும் முன் இரண்டு ஆங்கிளுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டு சி கிளாம்பால் இறுக்குங்கள். மையத்தின் உயரத்தைப் பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. கீலுக்கு இருபுறமும் மேல்பரப்பில் 8 மி.மீ. சதுரக் கம்பி இரண்டை வைத்து, அவற்றின் மேல் ஸ்கேலைப் போட்டால் கீலின் உச்சி ஸ்கேலைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. பிறகு ஒரு கீல் உச்சியிலிருந்து மற்றதன் உச்சிக்கு நூல் கட்டி, அது நடுக்கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று மேலிருந்து பாருங்கள். இரு கீலின் அச்சும் ஒரே கோட்டில் இல்லையென்றால் மடக்கு ஆங்கிள் பாதியில் சிக்கும். டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் போட்டு, கிளாம்பைக் கழற்றி, கையால் 90 வரை தூக்கிப் பார்த்த பிறகே முழு வெல்டு.

புல்லட் கீலில் ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை. இரண்டு கீலையும் ஒரே திசையில் வைத்துப் பற்றவைத்தால் மடக்கு ஆங்கிள் பக்கவாட்டில் நழுவிக் கழன்று காலில் விழும். ஊசிகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி, இரண்டு கீலையும் மாட்டிய நிலையில் டேக் போடுங்கள். கீலில் துத்தநாக முலாம் இருந்தால் பற்றவைக்கும் இடத்தில் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. உள்ளே கிரீஸ் இருந்தால் அதையும் துடைத்துவிட்டு, வேலை முடிந்தபின் புதிதாகப் போடலாம்.

அடுத்து பிடி. பலரும் சறுக்குவது இங்கேதான். வெறும் ஆங்கிளை மூலை முன்னால் வரும்படி கவிழ்த்து வைத்தால், நிற்கும் இறக்கை மடிப்புக் கோட்டின் மேலேயே நேராக நிற்கும். அப்போது தகட்டை 90-க்கு மேல் கொண்டுபோக வழியே இல்லை. மைல்டு ஸ்டீல் கையை விட்டதும் இரண்டு டிகிரி போலப் பின்வாங்கும், 304 எஸ்.எஸ். (ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) அதைவிடக் கூடுதலாகப் பின்வாங்கும். ஆக, 90 டிகிரி உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதற்காகத்தான் 65x10 பட்டை. அதன் முன்விளிம்பை 45 டிகிரிக்குச் சரித்து, நுனியை மட்டும் அரத்தால் லேசாக உருட்டிவிடுங்கள். 50x50 ஆங்கிளின் மூலை அந்த நுனியிலிருந்து 12 மி.மீ. பின்னால் இருக்கட்டும். இப்படி வைத்தால் எவ்வளவு உயரமான விளிம்பாக இருந்தாலும் 100 டிகிரி வரை தாராளமாகப் போகும். கீல் துருத்தும் இடத்தில் பட்டையின் முன்மூலைகளை 12 மி.மீ. ஆழத்துக்கு வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பிடி உட்காராது.

ஆங்கிளைப் பட்டையோடு சேர்க்கும்போது ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காதீர்கள். 25 மி.மீ. வெல்டு, 75 மி.மீ. விடுதல், அதையும் முனைக்கு முனை மாற்றி மாற்றி. வெல்டு ஆறும்போது சுருங்கி இழுப்பதால் முனைகள் மேலே எழுந்து நடு கீழே தொங்கலாம். அரை மி.மீ. வரை தொங்கினால் அதை நிமிர்த்த வேண்டாம். முனையில் போல்ட்டை இறுக்கும்போது நடுவில் முதலில் அழுத்தம் விழும். நடு வளையும் நோய்க்கு அதுவே மருந்து. எதிர்ப்பக்கம் வளைந்திருந்தால் மட்டும் நிமிர்த்தியே ஆக வேண்டும்.

போல்ட் துளையை பிடியில் மட்டும் 13x20 மி.மீ. நீள்துளையாகப் போடுங்கள். பிடியை முன்னும் பின்னும் நகர்த்த அது வேண்டும். மடிப்புக் கோட்டிலிருந்து பிடியின் நுனி தகட்டுக் கனத்தின் அளவுக்குப் பின்னால் இருக்க வேண்டும், 0.9 தகட்டுக்கு 1 மி.மீ., 1.2-க்கு ஒன்றரை. அதற்குக் குறைந்தால் ஜி.ஐ. முலாம் உரியும், கீல் மேல் தேவையில்லாத பளு விழும். நகர்த்தும்போது இரு முனையிலும் அதே தகட்டின் ஒரு துண்டை நிறுத்தி அளவு பார்ப்பது ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேகமான வேலை.

600 மி.மீ. அகல 18 கேஜ் தகட்டை மடக்க, அச்சிலிருந்து 400 மி.மீ. தூரத்தில் சுமார் 22 கிலோ விசை தேவை. 20 கேஜுக்கு 12 கிலோ. எடை குறைவான மேசை என்றால் மேசையே எழுந்துவிடும். அடி ஆங்கிளை மேசையில் போல்ட் போட்டு, மேசையைத் தரையிலோ சுவரிலோ பிணைக்க வேண்டும்.

முடிந்ததும் சோதனை. ஒரே தகட்டிலிருந்து 50 மி.மீ. அகலத்தில் மூன்று துண்டு வெட்டி இடது, நடு, வலது என்று வைத்து ஒரே இழுப்பில் மடக்குங்கள். மூன்றின் கோணமும் ஒன்றாக இருந்தால் கீல் நேர். வேறுவேறாக இருந்தால் கீலோ, பிடி நிற்கும் தூரமோ கோணல். பிறகு முழு அகலத் தகடு. சிறு துண்டுகள் சரியாக வந்து, முழுத் தகட்டில் மட்டும் நடு பின்தங்கினால் இரும்பு வளைகிறது என்று அர்த்தம். அதற்கு மடக்கு ஆங்கிளின் அடியில் 12 மி.மீ. ராடை முனைக்கு முனை கொண்டுபோய், நடுவில் 40 மி.மீ. உயரத் துண்டு ஒன்றைக் கொடுத்து, நட்டால் இறுக்கினால் ஆங்கிள் நடுவில் உப்பிக் கொடுக்கும். கால் சுற்றாக இறுக்கிச் சோதியுங்கள்.

30 அங்குல ரெடிமேட் மேசை மாடல் பற்றிப் பலர் கேட்பதால்: அதுவும் இதே மூன்று துண்டுதான். 16 கேஜ் (1.6 மி.மீ.) தாங்கும் என்று போட்டிருப்பார்கள். 20 கேஜுக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் விசை 16 கேஜுக்கு வேண்டும். அதை முழு 760 மி.மீ. அகலத்தில் அந்த மெலிந்த பிடி நேராகத் தாங்காது. 200, 250 மி.மீ. அகலத்துக்கு 16 கேஜ் மடக்கலாம், அந்த அளவில் நல்ல கருவிதான். இந்த வகையில் பல மாடல்களுக்குத் தனிப் பிடிப்போல்ட் கிடையாது, சி கிளாம்பை நீங்களே போட வேண்டும். வெல்டிங் மெஷின் இல்லாதவர்கள் அதை வாங்கி, பிடியின் மேல் ஒரு 50x50 ஆங்கிளை போல்ட் போட்டுக்கொள்ளலாம். வெல்டிங் தெரிந்தவர்களுக்கு அதை வாங்கக் காரணமே இல்லை.

இந்த வடிவத்தின் நிஜமான குறை, டிரேயின் மூன்றாவது, நான்காவது பக்கங்கள். எதிரெதிர் இரண்டு பக்கம் எளிதாக வரும். மற்ற இரண்டை மடக்கப் போனால் ஏற்கெனவே நிமிர்ந்த விளிம்புகள் முழுநீளப் பிடியில் இடிக்கும். டிரேயின் உள்ளளவை விட 2 மி.மீ. குறைவான பட்டைத் துண்டை, அதே 45 டிகிரிச் சரிவோடு வெட்டி, பெரிய பிடிக்கு அடியில் நுனி துருத்த வைத்தால் வேலை நடக்கும். அந்தத் துண்டு விளிம்பின் உயரத்தை விடத் தடிமனாக இருக்க வேண்டும் என்பதால் 20 மி.மீ. உயர டிரே வரைதான் இது நடைமுறை. விதவிதமான பெட்டிகள் செய்பவர்கள், விரல் விரலாகக் கழற்றும் பிடியுள்ள பிரேக் பக்கம் போய்விடுவது நல்லது.

வெட்டும் அளவில் பலரும் ஏமாறுவார்கள். வெளியளவு 200, இருபுறமும் 25 மி.மீ. விளிம்பு என்றால் 250 வெட்டக் கூடாது. 1.2 மி.மீ. தகடு, உள்வளைவு ஆரமும் 1.2 என்றால் ஒவ்வொரு 90 டிகிரி மடிப்புக்கும் சுமார் 2.1 மி.மீ. கழிக்க வேண்டும், 245.8 வெட்டினால் சரியாக வரும். உங்கள் பிரேக்கின் ஆரம் இதிலிருந்து மாறும். 100 மி.மீ. துண்டு ஒன்றை நடுவில் மடக்கி, இரு பக்க வெளியளவையும் கூட்டி, அதிலிருந்து 100-ஐக் கழித்தால் உங்கள் பிரேக்குக்கான எண் கிடைக்கும். ஒவ்வொரு கேஜுக்கும் அந்த எண்ணைப் பெயிண்டில் பிடியின் மேலேயே எழுதிவையுங்கள்.

அலுமினியத்தில் கடையில் கிடைக்கும் மிருதுவான தகடும் 5052 ரகமும் தயங்காமல் மடியும். 6061 டி6 ரகம் இந்தக் கூர்மைக்கு விரிசல் விடும். பிடியைத் தகட்டுக் கனத்தைப் போல மூன்று நான்கு மடங்கு பின்னால் தள்ளி, நுனியையும் அதே ஆரத்துக்கு உருட்டினால்தான் தப்பும். எந்த அலுமினியமானாலும் மடிப்பின் வெளிப்பக்கத்தில் ஊசியால் கோடு கீறாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், மார்க்கர் போதும். எஸ்.எஸ். தகட்டின் பிளாஸ்டிக் படலத்தை மடக்கி முடியும் வரை உரிக்க வேண்டாம். 304-ஐ 22 கேஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.