ரெஸ்டிரிக்டடா, ஜெனரலா? காரைக்குடியிலிருந்து ஹாம் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியில் இழுத்துக் கட்டியிருக்கும் ஏரியல் கம்பியைப் பார்த்துவிட்டு, ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் வைத்து மற்றவர்களோடு பேசுவதற்கான உரிமம் வாங்குவது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. உரிமத்தில் இரண்டு தரம் உண்டு என்று விவரம் சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: ரெஸ்டிரிக்டட் எழுதலாமா, ஜெனரல் எழுதலாமா? எங்கள் குடும்பத்திலேயே இரண்டும் நடந்திருக்கின்றன. நான் ஜெனரல் எழுதினேன். பள்ளத்தூரில் இருக்கும் என் தங்கை மகள் பதினான்கு வயதில் ரெஸ்டிரிக்டட் எழுதினாள். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு (வயர்லெஸ் அலைவரிசைகளைக் கவனிக்கும் பிரிவு) நடத்தும் தேர்வு இது. 12 வயது நிரம்பியிருந்தால் போதும். எழுத்துத் தேர்வில் இரண்டு பகுதிகள்: ரேடியோ கோட்பாடும் செய்முறையும் ஒன்று, விதிமுறைகள் மற்றொன்று. ஜெனரலுக்கு இவற்றோடு, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸும் உண்டு. நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வேண்டும், கேட்டு எழுதவும் வேண்டும். ரெஸ்டிரிக்டட் தேறினால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும், சிற்றலையில் (ஷார்ட் வேவ்) 50 வாட் வரை அனுப்பலாம். ஜெனரல் என்றால் வி.யு.2, 400 வாட்.

பலரும் இந்த 50, 400 என்ற எண்களைப் பார்த்துத்தான் ஜெனரல் பக்கம் சாய்கிறார்கள். அது சரியான காரணமில்லை. எட்டு மடங்கு சக்தி என்பது 9 டெசிபல். எதிர்முனையில் இருப்பவரின் எஸ் மீட்டர் (சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டர்) முள் ஒன்றரை எண்தான் கூடுதலாக ஏறும். ஒழுங்காகக் கட்டிய ஏரியலும் 50 வாட்டும் இருந்தாலே தூர நாடுகளோடு பேசலாம். ஜெனரல் எழுதச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் காரணம் மோர்ஸ்தான். குரலுக்கு அலைவரிசையில் ஏறத்தாழ 2,400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும்; மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். சக்தி முழுவதும் அந்தக் குறுகிய இடத்தில் குவிவதால், குரல் இரைச்சலில் கரைந்துபோகும் நேரத்திலும் 5 வாட் மோர்ஸ் காதில் விழும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று அடித்துவிட்டுப் போனபின் நம் பக்கத்து ஊர்கள் மின்சாரமில்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு 12 வோல்ட் பேட்டரியும் மோர்ஸ் தட்டும் சாவியும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மோர்ஸின் காலம் முடிந்துவிட்டது என்பவர்களும் இருக்கிறார்கள். சிற்றலை உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற உலக விதி 2003 ஜெனீவா மாநாட்டில் நீக்கப்பட்டது. அதன்பின் பல நாடுகள் அதைத் தேர்விலிருந்தே எடுத்துவிட்டன. இந்தியாவில் ஜெனரலுக்கு இருக்கிறது. இருப்பது நல்லது என்பது என் கட்சி.

இனிப் படிக்கும் முறை. கோட்பாட்டுப் பகுதியில் எனக்கும் தங்கை மகளுக்கும் அனுபவம் நேர் எதிர். அவள் வினா வங்கியை வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் மனப்பாடம் செய்தாள். நான் புத்தகத்தைத் தொடுவதற்கு இருபது வருடம் முன்பிருந்தே காயிலும் கண்டன்சரும் கையில் வைத்திருப்பவன். 2.5 மைக்ரோபாரட் ஃபேன் கண்டன்சர் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 5, தொடர் இணைப்பில் போட்டால் 1.25 என்பது எனக்குச் சூத்திரமாகத் தெரியாது, வேலையாகத் தெரியும். அவளுக்குச் சூத்திரம் தெரியும், ஆனால் கேள்வியில் எண்ணை மாற்றினால் தடுமாறுவாள். வினா வங்கியின் பலமும் பலவீனமும் இதுதான்: அதே கேள்வி வந்தால் மதிப்பெண், கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கையில் ஒன்றும் இல்லை.

அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் வீட்டு மாடிக்கு அவளை அழைத்துப் போனேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல், அதாவது நடுவில் இணைப்பு எடுக்கும் இரண்டு கைக் கம்பி ஏரியல், கட்டுவது என்று முடிவு. மொத்த நீளம் காணும் சூத்திரப்படி 143-ஐ 7.1 ஆல் வகுக்கச் சொன்னேன், 20.14 மீட்டர் வந்தது. ஒரு கைக்கு அதில் பாதி, 10 மீட்டர் 7 சென்டிமீட்டர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலும் இருக்கும் வீட்டில் இருபது மீட்டருக்கு என்ன பஞ்சம்? ஸ்டே கம்பிக்குப் போடும் பீங்கான் இன்சுலேட்டரை இரு முனையிலும் மாட்டி, கம்பியைச் சரியான அளவைவிட ஒரு சாண் கூடுதலாகவே வெட்டச் சொன்னேன். "ஏன் மாமா, கணக்கு தப்பா?" என்று கேட்டாள். கணக்கு தப்பில்லை; ஓட்டுக்கூரையின் அருகாமையும் சுவரும் கம்பியின் ஒத்ததிர்வை (அது எந்த அலைவரிசைக்குச் சரியாகப் பொருந்துகிறது என்பதை) இழுத்துவிடும், நீளத்தைக் குறைப்பது எளிது, கூட்டுவது கடினம் என்று விளக்கினேன். பொருத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்துப் பார்த்து நாலு முறை நறுக்கினோம். பொழுது சாய்ந்ததும் என் ரிசீவரை மாட்டினோம். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை நிலையம் ஒன்று பக்கத்துத் தெருவில் பேசுவதுபோலக் கேட்டது. அப்பத்தா வளவிலிருந்து, "யாருத்தா அது பேசுறது?" என்று குரல் கொடுத்தார்கள். டைபோல், அலைநீளம், அயனி மண்டலம் பற்றி எந்தக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதன்பின் அவள் தவறவிடவில்லை.

ஆகவே கோட்பாட்டுக்கு வினா வங்கியை மட்டும் நம்புவதை நான் ஏற்கவில்லை. கடைசி இரண்டு வாரம் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். விதிமுறைப் பகுதிக்கு மட்டும் மனப்பாடமே சிறந்த வழி: க்யூ குறிகள் (க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), ஆல்ஃபா பிராவோ என்று எழுத்துக்கு ஒரு சொல்லாகச் சொல்லும் முறை, வணிகச் செய்தி அனுப்பக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது, பதிவேடு எழுத வேண்டும், ஆபத்து அழைப்புக்கே முதலிடம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை, படித்துவிட வேண்டியதுதான்.

மோர்ஸில்தான் நான் அடிபட்டேன். புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி, பார்த்துப் பார்த்துப் படித்தேன். எல்லா எழுத்தும் தலைகீழாகத் தெரியும் என்ற தைரியத்தில் தேர்வுக்கு முதல் நாளே பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனேன். எழுத்துத் தேர்வு நன்றாக வந்தது. மோர்ஸ் ஒலிக்கத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. 8 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 150 மில்லிவிநாடி. எவ்வளவு நீளமான எழுத்தும் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். டிட்-டிட்-டா-டிட் (டிட் புள்ளி, டா கோடு) என்று கேட்டதை அட்டவணையில் தேடி எஃப் என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மூன்று எழுத்து போய்விட்டது. மறுநாள் பிற்பகல் ரயிலில் ஊர் வந்து சேரும்வரை யாரிடமும் பேச மனம் வரவில்லை.

பிறகு தேவகோட்டையில் ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ அதிகாரி ஒருவரைத் தேடிப் போனேன். 1999 பிப்ரவரி 1 அன்று கப்பல்களுக்கான புதிய பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை கடலில் மோர்ஸ்தான் உயிர்க்கயிறு, அதிலேயே ஊறியவர். என் அட்டவணையை வாங்கி மடித்துத் திண்ணையில் வைத்தார். "தம்பி, இதைக் கண்ணாலே பார்த்தது போதும். காதாலே வாங்குங்க" என்றார். முதல் நாள் இரண்டே எழுத்து: கே, எம். டா-டிட்-டா, டா-டா. ஒவ்வோர் எழுத்தும் 15 சொல் வேகத்தில் ஒலிக்கும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி மட்டும் தாராளமாக இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக எழுதினால்தான் மூன்றாவது எழுத்து. வேகமாக ஒலிப்பதால் புள்ளியை எண்ண நேரமே இருக்காது. எழுத்து ஒரு தாளமாகப் பதிந்துவிடும். தினம் இருபது நிமிடம், நான்கு மாதம். இரண்டாம் முறை தேறினேன்.

இணைய வகுப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. வார இறுதியில் நடக்கும் வகுப்புகள் கோட்பாட்டுக்கு உதவும், சந்தேகம் கேட்கலாம். மோர்ஸ் கேட்கப் பழகக் கைப்பேசிச் செயலியும் போதும். அனுப்புவதற்கு மட்டும் நேரில் ஒருவர் வேண்டும். மணிக்கட்டு இறுகியிருப்பதைச் செயலி பார்க்காது.

என் தீர்ப்பு இது. வயது வந்தவர், விண்ணப்பிக்க இன்னும் ஐந்தாறு மாதம் இருக்கிறது என்றால் நேராக ஜெனரல். சென்னைக்கு இரண்டு முறை அலைய வேண்டாம். பள்ளிப் பிள்ளை என்றால் ரெஸ்டிரிக்டட் முதலில். ஆர்வம் சூடாக இருக்கும்போதே ஒலிவாங்கியைப் பிடித்துப் பேச வேண்டும், அதைத் தள்ளிப்போட்டால் அடுத்த வருடம் பொதுத் தேர்வு வந்து நின்றுவிடும். எதை எழுதினாலும் மோர்ஸை முதல் நாளே தொடங்குங்கள், அட்டவணையை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தங்கை மகள் இப்போது வி.யு.3 குறியோடு மாலையில் பேசுகிறாள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் மோர்ஸ் கேட்கிறாள். இருபத்திரண்டு எழுத்து வந்துவிட்டது. எஃப்புக்கும் எல்லுக்கும் மட்டும் இன்னும் குழப்பம், டிட்-டிட்-டா-டிட், டிட்-டா-டிட்-டிட். இந்த வாரம் அவை இரண்டை மட்டுமே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.