ஃப்ளஷிங் கொரியன் சீனியர் சென்டர்: எதிர் வீட்டு ஹல்மொனிக்காக ஒரு ரிவ்யூ

நியூயார்க் குயின்ஸ்ல வயசான கொரியன் ஆளுங்க பக்கத்துல யாராவது இருந்தா இதப் படிங்க. நார்தர்ன் புலவார்ட்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கற ஒரு சீனியர் சென்டர், குறையும் சொல்லப்போறதால பேர் போடல.

கொரியன்ல பாட்டியை ஹல்மொனின்னு கூப்பிடுவாங்க. எங்க எதிர் வீட்டு ஹல்மொனிக்கு 81 வயசு. என் பொண்ணு "அப்பா"ன்னு கத்தினத கேட்டு திரும்பிப் பாத்தாங்க, அவங்க பாஷையிலயும் அப்பா அப்பாதான், அப்படித்தான் பழக்கம் ஆச்சு. வீட்டுக்காரரும் அவங்களுமா வருஷக்கணக்கா ராத்திரி பகல் பாக்காம காய்கறிக் கடை நடத்தினவங்க, அதனால இங்கிலீஷ் கடைக்கு வேணுங்கற அளவுதான். அவர் போனதுக்கப்புறம் கதவே திறக்கல. பையன் டெக்சாஸ்ல. நெஞ்சு அடைக்குது, வயித்துக்கு மேல உருண்டையா ஏதோ நிக்குது, மூஞ்சி எரியுதுன்னு சொல்லவும் ஈசிஜி வரைக்கும் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். இதுக்கு கொரியன்ல ஹ்வாப்யோங்னு பேரே இருக்கு, உள்ளயே அடக்கி வெச்ச கோவமும் துக்கமும் உடம்புல வர்ற நோய். 1994ல அமெரிக்க மனநல டாக்டருங்க நோய்களுக்குப் பாக்கற டிஎஸ்எம் புக்லயே அது ஏறிடுச்சு. ஆனா மனசுக்கு டாக்டர பாக்கலாம்னு சொன்னா, நான் என்ன பைத்தியமான்னு கேட்டு கதவ சாத்திட்டாங்க.

இந்த சென்டர் எனக்குப் பிடிச்சதே அங்கதான். கவுன்சிலிங்னு எங்கயும் போர்டு கிடையாது. கொரியன் பேசற சோஷியல் ஒர்க்கர் ஒரு பொண்ணு, மதியம் தட்ட எடுத்துட்டு வந்து இவங்க டேபிள்லயே உக்காருது, "ஒமொனிம்"னு கூப்பிடுது, அதாவது அம்மான்னு மரியாதையா. சோறு, கடல்பாசி சூப், கிம்சிங்கற காரமான புளிச்ச கோஸ், இன்னும் ரெண்டு தொட்டுக்க. சாப்பிட்டுக்கிட்டே கால் வலில ஆரம்பிக்கற பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்காரர் கிட்ட வந்து நிக்கும். மூணாவது வாரம்தான் ஹல்மொனி முதல் தடவையா அவரப் பத்தி அழுதாங்கன்னு பையன் போன்ல சொன்னார், எனக்கும் தொண்டை அடைச்சிடுச்சு.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஹ்வாத்து, நம்ம சீட்டு மாதிரி ஆட்டம். பூப்படம் போட்ட சின்ன கெட்டிச் சீட்டு, டப்புனு அடிச்சு போடணும். போன வாரம் ஹல்மொனி ஒரு சீட்ட அடிச்ச சத்தத்துல பக்கத்து டேபிள்ல பாதுக்குன்னு கருப்பு வெள்ளைக் காய் வெச்சு ஆடற ஆட்டம் ஆடிட்டிருந்த தாத்தாங்க எல்லாம் திரும்பிட்டாங்க, பல்லு தெரிய சிரிச்சாங்க பாருங்க, ரெண்டு வருஷத்துல நான் பாக்காத சிரிப்பு. வராட்டி பத்து மணிக்குள்ள போன் வந்துடும், ஜுரம்னு படுத்த அன்னிக்கு சீட்டாட்ட கூட்டாளி ஒருத்தங்க கஞ்சி தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க.

குறைங்க. லிஃப்ட் ஒரு மாசமா வேலை செய்யல, மாடி ஏற முடியாதவங்க வர்றதயே நிறுத்திட்டாங்க, இது ரொம்பத் தப்பு. அந்த சோஷியல் ஒர்க்கர் வாரத்துக்கு ரெண்டு நாள்தான். சேர்றதுக்கான ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ், நானே உக்காந்து ரொப்பினேன், பக்கத்துல யாரும் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? வேன் மழை நாள்ல முக்கா மணி நேரம் லேட்டு.

2014ல இதே ஃப்ளஷிங்ல மெக்டொனால்ட்ஸ்ல கொரியன் தாத்தாங்க ஒரு காபிய வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்காங்கன்னு போலீஸ் வரைக்கும் போச்சே, ஞாபகம் இருக்கா? சீனியர் சென்டர்தான் இருக்கேன்னு அப்ப நிறைய பேர் கேட்டாங்க. நடந்து போற தூரத்துல, படி ஏறாம, தன்னோட கூட்டாளிங்க உக்கார்ற இடமாவும் இருந்தாத்தான் போவாங்க, எனக்கு அது இப்பதான் புரியுது.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். சேக்கறதா இருந்தா செவ்வாய் இல்ல வியாழன் கூட்டிட்டுப் போங்க, அந்தப் பொண்ணு இருக்கற நாள். முதல் நாள் நீங்களும் கூட உக்காந்து சாப்பிடுங்க, ஹல்மொனி என் கைய விட்டதே சூப் வந்ததுக்கு அப்புறம்தான்.