ஜிம்மா, மருத்துவ முகாமா, குப்பை வண்டியா? சபைக் காசு எங்கே போனால் ஊருக்குச் சுகம்

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலோடு மட்டக்களப்பு, அம்பாறை என்று எங்கள் பக்கத்துச் சபைகளுக்கு மறுபடியும் உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்ததிலிருந்து அதிகாரிகள் கையில் இருந்த காசு இனி வட்டாரத்து ஆட்கள் கையெழுத்தில் போகும். "சுகாதாரத்துக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று யார் கேட்டாலும் சபைகள் வழக்கமாக எடுப்பது மூன்று வேலைகளைத்தான்: திறந்தவெளி ஜிம், ஒருநாள் மருத்துவ முகாம், குப்பையும் வடிகானும். நான்காவது ஒன்றும் இருக்கிறது. சனம் நடக்கிற வீதிக்கு வெளிச்சமும் நிழலும் கொடுப்பது. அதைச் சுகாதாரக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. எனவே நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையைச் சபை செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்களா?

முதலில் ஜிம். பார்க்க அழகு, திறப்பு விழா வைக்கலாம், பெயர்ப்பலகை போடலாம். ஆனால் கடற்கரையிலும் வாவிக்கரையிலும் உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு காலம் நிற்கும்? நான் பார்த்த ஓரிடத்தில் கால் வீசி நடக்கிற மெசினின் ஒரு மிதி கழன்று, நைலோன் கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது. மற்ற மிதியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேரிங் மாற்ற, கிறீஸ் போட, பெயின்ட் அடிக்க வருடா வருடம் காசு ஒதுக்கினால் சரி, ஒதுக்குவதை நான் கண்டதில்லை. அப்புறம் வெயில். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை பத்து மணிக்கே அந்தக் கம்பியில் கை வைக்க முடியாது. மாலையில் இளைஞர்கள் வருவார்கள், அது நல்லதுதான். ஆனால் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஐம்பது வயது அம்மா, நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஏறி நின்று கால் வீசுவாரா? பெரும்பாலும் மாட்டார். நடப்பார்.

அடுத்தது மருத்துவ முகாம். பாடசாலை மண்டபத்தில் கதிரை போட்டு, பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, இரண்டு கிழமைக்குக் குளிசை கொடுத்து அனுப்புவார்கள். வருகிற டொக்டர்மாரின் மனதை நான் குறை சொல்லவில்லை. இலங்கையில் நடக்கும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆகவே நோயைக் கண்டுபிடிப்பது பெரிய விசயம். ஆனால் பிரஷருக்கு ஒருநாள் மருந்து கிடையாது. மாதாமாதம் கிளினிக் போக வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும், அளவு கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் இலவச அரச ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் இருக்கிறது, வீடு தேடி வருகிற குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கிறார். களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ ஆதார வைத்தியசாலைக்கு ஓட்டோவில் போய்விடக் கூடிய தூரத்தில் இருப்பவருக்குச் சபை முகாம் வைப்பது, சுகாதாரத் திணைக்களம் செய்கிற வேலையை இன்னொரு முறை, அதுவும் அரைகுறையாகச் செய்வதுதான். முகாமில் சீனி கூட என்று தெரிந்தவரைக் கிளினிக்கில் பதிந்து, போனாரா என்று பின்னால் பார்க்க ஆள் வைத்தால் மட்டும் அதற்கு அர்த்தம் வரும்.

குப்பைக்கும் கானுக்கும் வருவோம். நிறையப் பேச வேண்டியது இதில்தான், ஏனென்றால் இதைச் சபையைத் தவிர வேறு யாரும் செய்யப் போவதில்லை. பிரதேச சபைகள் 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டானவை, அந்தச் சட்டத்திலேயே பொதுச் சுகாதாரம் அவற்றின் தலைமேல் இருக்கிறது. எங்கள் பக்கம் மாரி தொடங்கியதும் டெங்கும் தொடங்கும். நாடு முழுக்க ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேரளவில் டெங்கு வந்த 2017 ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் இப்போதும் சனம் கேட்பது "புகை அடியுங்கள்" என்றுதான். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும், ஒரு கிழமை பத்து நாளில் அடுத்த கூட்டம் பறக்கும். முட்டை காய்ந்த சிரட்டையில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடந்து மழைக்கு விழித்துக்கொள்ளும். டெங்கு நுளம்புக்கு நாறுகிற சாக்கடை பிடிக்காது, யோகட் கோப்பை, பழைய டயர், சொப்பிங் பேக் மடிப்பு, இவற்றில் தேங்குகிற தெளிந்த மழைநீர்தான் பிடிக்கும். ஆக கிழமைக்கு ஒருமுறை தவறாமல் வீட்டு வாசலுக்கு வருகிற குப்பை டிரக்டர்தான் ஊரின் முதல் டெங்குத் தடுப்பு. அது இரண்டு கிழமை வராவிட்டால் சனம் வெற்றுக்காணியில்தான் வீசும், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கானைப் பற்றியும் ஒன்று. கான் துப்பரவாக்கும்போது அள்ளிய மண்ணையும் பிளாஸ்டிக்கையும் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழைக்கு அவ்வளவும் திரும்பக் கானுக்குள். அள்ளிய அன்றே ஏற்றிப் போக ஒரு டிரக்டர் இல்லையென்றால், கொடுத்த நாட்கூலியும் மழையோடு போனதுதான்.

இன்னொன்று, அள்ளுகிற குப்பை எங்கே போகிறது என்பது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த செய்தி 2022 இல் உலகம் முழுக்கப் போனது. எட்டு வருடத்தில் இருபது யானையளவு. அந்த மேட்டில் கொட்டியதில் பல ஊர்ச் சபைகளின் குப்பை இருக்கிறது. உக்குவதை வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் மேட்டுக்குப் போவது பாதியாகக் குறையும், பிரித்ததில் கொம்போஸ்ட் செய்து வயலுக்கும் தோட்டத்துக்கும் விற்கலாம். கரையோர மணலில் கிணறும் மலசலகூடக் குழியும் சில அடி தூரத்தில் இருக்கிற வளவுகளுக்கு மலக்கழிவு இழுக்கும் பவுசரைக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவதையும் இதோடுதான் சேர்ப்பேன். செங்கண்மாரிக்கும் வயிற்றோட்டத்துக்கும் அதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சமும் நிழலும் செலவில் குறைந்தவை. பெரியவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்கிறார்கள், ஐந்து நாள் அரை மணித்தியாலம் நடந்தால் கணக்குச் சரி. மட்டக்களப்புக் கல்லடியில் 2013 இல் புதுப் பாலம் திறந்த பிறகு, 1924 இல் கட்டிய பழைய பாலத்தில் விடியற்காலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் மெசின் வைத்துக் கூப்பிடவில்லை. காற்று இருக்கிறது, பெரிய வாகனம் இல்லை, அவ்வளவுதான். இதே பெண்கள் உள்வீதியில் இருட்டுக்கும் நாய்க்கும் பயந்து வீட்டுக்குள் நிற்கிறார்கள். ஒரு கிலோமீற்றர் வீதியைத் தெரிவு செய்து, எரியாத பல்பை மாற்றி, ஓரம் மட்டப்படுத்தி, வேம்பும் மருதும் நட்டு, கட்டாக்காலி நாய்களுக்கு விசர்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தால் ஒரு ஜிம்மின் காசுக்குள் முடியும் என்றே நினைக்கிறேன்.

வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற எழுவான்கரைச் சபைகளுக்கு என் வரிசை இதுதான்: குப்பை, கான், பவுசர் முதலில். அடுத்தது நடை வீதி. மிச்சம் இருந்தால், பராமரிப்புக் காசும் ஒதுக்கினால், ஜிம். முகாம் தேவையில்லை.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இந்த வரிசை மாறும். வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு பயணம் சுலபமானது உண்மைதான், ஆனால் வெல்லாவெளி, வவுணதீவு உட்கிராமங்களில் ஒரு கிளினிக் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அங்கே முகாமை நான் முதலில் வைப்பேன், விழாவாக இல்லாமல், எம்.ஓ.எச். அலுவலகத்தோடு பேசி மாதத்தில் ஒரே நாள், ஒரே இடம் என்று. வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையும் விதைப்புக்கு முன்பே அந்த நாளில் போய்ச் சேரட்டும். ஊர் எல்லையில் லைட் போடுவது அங்கே நடைக்காக இல்லை, யானைக்காக. விடியலில் வயலுக்குப் போகிற மனிசன் முன்னால் நிற்பதைக் கண்டுகொள்ள வேண்டும். வருட முடிவுக்குள் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது உங்கள் வட்டார உறுப்பினரிடம் குப்பை டிரக்டர் எத்தனை, ஓடுவது எத்தனை, டீசலுக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று கேளுங்கள்.